கல்யாண மண்டபத்தில் காதைக் காப்பாற்ற

ஆட்டிசம் உள்ள எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலே முதல் கவலை கெட்டிமேளம்தான். தாலி கட்டும் நேரத்தில் தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து உச்சத்துக்குப் போக, மண்டபத்துக் கூரை அதை அப்படியே திருப்பி அடிக்கும். மற்றவர்களுக்கு மங்கல ஒலி. எனக்கோ மண்டைக்குள் எவர்சில்வர் தட்டுகள் சரிவது போல. இது வீம்பு இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றில் வரும் சிக்கலை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஜோடி ஃபோம் இயர் பிளக் வைத்திருப்பேன். பலர் அதை அப்படியே காதில் சொருகிவிட்டு, "ஒண்ணும் குறையலையே" என்கிறார்கள். முதலில் விரல்களால் மெல்லிய திரி போல உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, பிளக்கை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்துவிட்டால் உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மேளம் உச்சத்துக்குப் போனபின் பையைத் துழாவாதீர்கள். மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி வரும்போதே போட்டுவிடுங்கள்.

"காதுல என்னப்பா?" என்று பெரியப்பா கேட்பார். "சத்தம் ஆகாது பெரியப்பா" என்றால் போதும், ஆட்டிச விளக்கமெல்லாம் பந்தியில் எடுபடாது. அப்புறம், ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராமல் சாப்பாட்டுக் கூடத்துக் கதவருகே இடம் பிடியுங்கள். முதல் பந்தியும் கிடைக்கும்.