வைஃபை டொங்கிள் லினக்ஸில் ஓடவில்லையா? பழுதென்று முடிவு கட்டாதீர்கள்

போன கிழமை கல்லடியில் தங்கச்சி வீட்டில் நடந்தது. ரூட்டர் முன் விறாந்தையில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்ட பழைய கொம்பியூட்டர் பின்னறையில். மருமகன் புது டொங்கிளை, அதாவது வைஃபை பிடிக்கும் சின்ன யூஎஸ்பி குச்சியை, செருகினால் வைஃபைப் பெயர் ஒன்றுமே காட்டவில்லை.

"மாமா, இது பழுது. கடையில திருப்பிக் குடுப்பம்."

பலரும் விடும் முதல் பிழை இதுதான். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடித்தோம், செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களின் இலக்கங்களை அது காட்டும். 0பிடிஏ:1ஏ2பி (0bda:1a2b) என்று வந்தது. 0பிடிஏ என்றால் சிப் செய்யும் ரியல்டெக் நிறுவனம். 1ஏ2பி வைஃபையே இல்லை: விண்டோஸ் டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) உள்ளே வைத்துக்கொண்டு டொங்கிள் தன்னை ஒரு சீடியாகக் காட்டுகிறது. அந்தச் சீடியை எஜெக்ட் செய்தோம். டொங்கிள் தானாக இணைப்பை விட்டு, சி811 (c811) என்ற இலக்கத்தோடு திரும்பி வந்தது. வைஃபைப் பெயர்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யத் தேவையில்லை, இந்த மாற்றத்தைத் தானாகச் செய்யும் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் (usb_modeswitch) என்ற மென்பொருளில் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

பெட்டியில் உள்ள மொடல் பெயரை நம்புவது அடுத்த பிழை. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் இருந்தது அத்தெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். பெயர் ஒன்று, டிரைவர் வேறு. டிரைவர் தேடும்போது எல்எஸ்யூஎஸ்பி காட்டும் இலக்கத்தை வைத்தே தேடுங்கள்.

தேடியதும் கிடைக்கிற முதல் ஸ்கிரிப்டை சூடோ (sudo, முழு அதிகாரம் கொடுக்கும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். கையால் கட்டிய டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் அடுத்த அப்டேட்டோடு போய்விட்டது, கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் (DKMS) வழியாகப் போட்டிருந்தால் தப்பியிருக்கும். 2023இல் வந்த 6.2 கர்னலிலிருந்து பல ரியல்டெக் யூஎஸ்பி சிப்புகளுக்கு டிரைவர் உள்ளேயே இருக்கிறது. யூநேம் -ஆர் (uname -r) அடித்து உங்கள் கர்னலைப் பாருங்கள். பழசென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். டிரைவரை ஏற்றும்போது "கீ நிராகரிக்கப்பட்டது" (Key was rejected) என்று வந்தால் குற்றவாளி செக்யூர் பூட், கையொப்பமிடாத டிரைவர்களைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு.

இதெல்லாம் இறக்க இன்டர்நெட் வேண்டுமே என்று தலையில் கை வைக்காதீர்கள். போனை கேபிளில் கொழுவி, போனின் இன்டர்நெட்டைப் பகிரும் யூஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும்.

கடைசிப் பிழை, டொங்கிளை யூஎஸ்பி 3 துளையில், கொம்பியூட்டரின் பின்பக்கம் செருகுவது. அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும், இரும்புப் பெட்டி மிச்சத்தை மறைக்கும். டொங்கிளைத் தள்ளி வைக்க ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டு வயர் போதும். மருமகனின் டொங்கிள் இப்போது யன்னல் கம்பியில் கட்டித் தொங்குகிறது.