வெயிலில் மெழுகு இளகி வீணையின் மெட்டு நகர்ந்துவிட்டதா? வீட்டிலேயே சரிசெய்யலாம்

சித்திரை வெயில் ஏறியதும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வீணை இருக்கிற வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "நேத்து வரைக்கும் நல்லா பேசுச்சு, இன்னைக்குக் காந்தாரம் ஒட்டவே மாட்டேங்கு." பெரும்பாலும் காரணம் மெழுகு. வீணையின் 24 மெட்டுகளும், அதாவது ஸ்வரத்துக்காகத் தந்தியை அழுத்துகிற பித்தளைக் கட்டைகள், ஆணியடித்தோ பசை போட்டோ நிற்கவில்லை. வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் இரு ஓரமும் ஓடுகிற கறுப்பு மெழுகுக் கரையில் புதைந்து உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகு உருகுவதற்குச் சுமார் 62 டிகிரி வேண்டும் என்றாலும், 35ஐத் தாண்டியதுமே குழையத் தொடங்கிவிடும். குங்கிலியம் என்கிற மரப்பிசின் சேர்த்திருப்பதால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் மே மாதம் நிழலிலேயே 35ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. பூட்டிய காருக்குள் வைத்த வீணையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முழு மேளம் கட்டுவது, அதாவது பழைய மெழுகைச் சுரண்டிவிட்டு 24 மெட்டையும் புதிதாக வைப்பது, ஆசாரியின் வேலை. இங்கே சொல்லப்போவது ஒன்றிரண்டு மெட்டு நகர்ந்தால், அமிழ்ந்தால் என்ன செய்வது என்பது மட்டும். இதற்காக வீணையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தஞ்சாவூர் போனால், போகிற வழியில் இன்னும் நாலு மெட்டு நகரும்.

முதலில் குதிரையைச் சந்தேகப்படுங்கள்

மெழுகில் கை வைப்பதற்கு முன் குற்றவாளி மெழுகுதானா என்று பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கிற கட்டைதான் குதிரை. அதைப் பெரும்பாலும் தந்திகளின் அழுத்தம்தான் குடத்தின் மேல் பிடித்து வைத்திருக்கிறது. எங்காவது இடித்தால் இம்மி நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்தால் எல்லா மெட்டுமே தப்பாகப் பேசும். ஆனால் ஒரே அளவில் அல்ல. தண்டியின் மறுமுனையில் தந்திகளைத் தாங்குகிற மேருவுக்குப் பக்கத்தில் வித்தியாசம் தெரியவே தெரியாது, குதிரைப் பக்கம் போகப் போகத் தப்பு வளர்ந்துகொண்டே போகும். அதுதான் அடையாளம். மெழுகுக் கோளாறு அப்படி இருக்காது: நாலாவது மெட்டு தப்பும், ஐந்தாவது சரியாக இருக்கும், ஒன்பதாவது திரும்பத் தப்பும்.

சோதிக்கச் சுலபமான வழி: முதல் தந்தியான சாரணியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, 12ஆவது மெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மணி மாதிரி மேல் ஷட்ஜம் வரும். இப்போது அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் குதிரை சரி. அழுத்தியது இறங்கிப் பேசினால் குதிரை, குடத்தின் கடைசியில் தந்திகளைக் கட்டியிருக்கிற நாகபாசத்தின் பக்கம் போயிருக்கிறது, ஏறிப் பேசினால் மேருவின் பக்கம் வந்திருக்கிறது. 12ஆவது மெட்டே நகர்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும் என்பதால் 11, 13, 19 எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். தந்தி துருப்பிடித்துப் பழசாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பழைய கம்பியை வைத்துக்கொண்டு மெட்டைத் திருத்துவது வீண் வேலை.

எந்த மெட்டு என்று கண்டுபிடிக்கச் செயலி வேண்டியதில்லை, வீணையே சொல்லும். இரண்டாவது தந்தியான பஞ்சமத்தின் 5ஆவது மெட்டு, வெறும் (எந்த மெட்டிலும் அழுத்தாத) சாரணியோடு ஒத்துப் பேச வேண்டும். மூன்றாவது தந்தியான மந்தரத்தின் 7ஆவது மெட்டு வெறும் பஞ்சமத்தோடும், 12ஆவது வெறும் சாரணியோடும் சேர வேண்டும். கைப்பேசிச் செயலி ஷட்ஜ பஞ்சமத்துக்குப் பரவாயில்லை. அந்தர காந்தாரத்துக்கு அதை நம்பாதீர்கள். அது காட்டுகிற இடம் தம்பூராவோடு சேர்த்துக் கேட்கும்போது கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

தேவையானவை

தேன்மெழுகும் குங்கிலியமும் டவுனில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். "களிம்புக்கா, பூச்சுக்கா?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்பார். வீணைக்கு என்று சொன்னால் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு சின்ன உருண்டை மெழுகு போதும். குங்கிலியத்தைத் தூளாக்கி மெழுகோடு சேர்த்து உருக்க வேண்டும். கறுப்புக்கு நன்றாகச் சலித்த கரித்தூள். குங்கிலியம் கூடினால் மெழுகு கட்டியாகி, ஒருநாள் மெட்டோடு சேர்ந்து தெறிக்கும். கொஞ்சமாகப் போட்டு, ஆறியபின் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் லேசாக விழ வேண்டும், துண்டு உடையக் கூடாது. உருக்கும்போது நேரடித் தீ வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். குங்கிலியம் கரைய நேரமாகும், விடாமல் கிண்டுங்கள். மெழுகுவர்த்தி மெழுகைத் தொடாதீர்கள், அதில் பிடிப்பே இல்லை.

மற்றபடி: தடித்த காம்புள்ள இரும்புக் கரண்டி ஒன்று, மூங்கில் சில்லு, ஒரு சின்ன எஃகு அளவுகோல், பருத்தித் துணி.

சூடு காட்ட ஆளுக்கொரு கருவி சொல்வார்கள். தலைமுடி உலர்த்தி வேண்டாம். ஒரு மெட்டுக்காக ஊதினால் பக்கத்து மூன்று மெட்டும் குழையும், தண்டி ஓரத்துப் பிளாஸ்டிக் வேலைப்பாடு வளையும். பழைய வீணை என்றால் அது செல்லுலாய்டாக இருக்கலாம், அது தீப்பிடிக்கக் கூடியது. பற்றவைப்புக் கோலும் (சால்டரிங் அயர்ன்) வேண்டாம், மெழுகைக் கருக்கிவிடும். எனக்குப் பிடித்தது கொதிநீரில் போட்ட கரண்டிதான். எவ்வளவு நேரம் போட்டாலும் 100 டிகிரியைத் தாண்டாது, கரி பிடிக்காது. எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், பலாக் கட்டையில் தண்ணீர் சொட்டக் கூடாது.

மெட்டை நகர்த்துவது

வீணையைப் பாயில் அசையாமல் வைத்து, எல்லாத் தந்திகளையும் முழுச் சுருதியில் ஏற்றிவிடுங்கள். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று தந்தியைத் தளர்த்திவிட்டு மெட்டை வைப்பார்கள். ஏழு தந்தியும் இழுக்கும்போது தண்டி கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. தளர்த்தி வைத்த மெட்டு, சுருதி ஏற்றியதும் வேறு உயரத்தில் நிற்கும். இடைஞ்சலோடுதான் வேலை செய்ய வேண்டும்.

சுடுகரண்டிக் காம்பை மெழுகில் வைக்காதீர்கள், மெட்டின் ஒரு முனையில் வையுங்கள். பித்தளை சூட்டை உள்வாங்கித் தன்னைச் சுற்றியுள்ள மெழுகை மட்டும் இளக்கும். மெழுகின் மேல்புறம் மங்கலாக இருந்தது பளபளவென்று ஈரம் பட்டதுபோல் மாறும், அப்போது எடுத்துவிடுங்கள். அடுத்த முனைக்கும் அப்படியே. மெழுகு ஒழுகினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

குதிரைப் பக்கம் தள்ளினால் ஸ்வரம் ஏறும், மேருவின் பக்கம் தள்ளினால் இறங்கும். எவ்வளவு தள்ளுவது? தந்தியின் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மேருவுக்கும் முதல் மெட்டுக்கும் இடையே சுமார் 4.5 செ.மீ., 23க்கும் 24க்கும் இடையே சுமார் 1.2 செ.மீ. ஆக, கீழே ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயமில்லை, மேல் ஸ்தாயியில் அதே ஒரு மில்லிமீட்டர் காதைக் குத்தும். சந்தேகம் வந்தால் இம்மி கீழே இருக்கும்படியே வையுங்கள். தந்தியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றிக்கொள்ளலாம், இறக்குவதற்கு வழியே இல்லை.

இரண்டு கட்டைவிரலாலும் இரு முனையையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒரு முனை மட்டும் அமிழ்ந்தால் சாரணியில் சரியாகவும் நாலாவது தந்தியான அனுமந்தரத்தில் தப்பாகவும் பேசும். அமிழ்ந்த மெட்டைத் தூக்க மூங்கில் சில்லு போதும். திருப்புளி தண்டியைக் கீறிவிடும். இடைவெளி விழுந்த இடத்தில் புது மெழுகை அரிசியளவு வைத்துச் சுடுகரண்டியால் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் அரை மணி நேரம் தொடாதீர்கள். மின்விசிறியைப் போட்டு அவசரப்படுத்த வேண்டாம். மெழுகு ஆறும்போது சுருங்கும், மெட்டு ஒரு மயிரிழை இறங்கும். ஆறியபின் திரும்பக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு முறை செய்ய வேண்டிவரும், அது இயல்புதான்.

கடைசியாக அளவுகோலை மூன்று மெட்டுகளின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஆடினால் நடு மெட்டு உயரம், அதற்கு முந்தின மெட்டில் தந்தி இரையும். பிறகு பெரிய கமகமாக இழுத்து வாசியுங்கள். மெட்டின் காலடியில் தலைமுடி அளவு பிளவு தெரிந்தால் மெழுகு பிடிக்கவில்லை. அந்த முனையை மறுபடி சூடாக்குங்கள்.

(எட்டயபுரத்தில் 1835இல் காலமான முத்துசுவாமி தீட்சிதர் வைணிகர். அந்தக் கரிசல் வெயிலில் அவருடைய மெட்டுகளை யார் பார்த்துக்கொண்டார்களோ என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.)

பிற்சேர்க்கை

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: சூடு காட்டியும் மெழுகு குழையவில்லை, பொடிப்பொடியாக உதிர்கிறது. அது வயதான மெழுகு. சாம்பல் பூத்த மாதிரி நிறம் மாறியிருக்கும். அதற்கு ஒட்டுவேலை ஆகாது, முழு மேளம்தான். ஆசாரியிடம் ஆடி கழிந்து போங்கள், வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும்.

இன்னொருவர் அவசரப் பசையால் மெட்டை ஒட்டிவிட்டதாக எழுதியிருந்தார். தம்பி, இனி அதைச் சூடு காட்டி எடுக்கப் பார்க்காதீர்கள், புகை கண்ணை எரிக்கும். அப்படியே ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு: சாரல் காலத்தில் உங்களுக்குப் பிரச்சினை மெட்டில் வராது, தந்தியை முறுக்குகிற பிருடையில் வரும். ஈரத்தில் கட்டை உப்பி இறுகிக்கொள்ளும். முறுக்கி உடைக்காமல், தந்தியைப் பிடித்துக்கொண்டு பிருடையை லேசாக வெளியே இழுத்து, காம்பில் சாக்பீஸ் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள்.