நிழலைக் கோபம் என்று எழுதியவன் சொல்வது

பழைய ஆங்கிலக் கடிதங்களையும் பயணக் குறிப்புகளையும் தமிழாக்குவது என் பிழைப்பு. சில வருடங்களாகப் புதியவர்களின் படிகளைத் திருத்தித் தரும் வேலையும் சேர்ந்துகொண்டது. போன மாதம் வந்த மூன்று படிகளில் 'அம்ப்ரேஜ்' என்ற ஒரே சொல் மூன்று பேரையும் தடுக்கி விழவைத்திருந்தது. அவர்கள் விழுந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். என் பல் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய ஒரே தொடரில்தான் உயிரோடு இருக்கிறது. ஒருவர் எதற்காவது 'அம்ப்ரேஜ் எடுத்துக்கொண்டார்' என்றால், தன்னை மட்டம்தட்டிவிட்டார்கள் என்று மனம் சுணங்கினார் என்று பொருள். ஆனால் இதன் வேரான லத்தீன் 'உம்ப்ரா'வுக்கு நிழல் என்று பொருள். மனத்தாங்கல் அதில் மருந்துக்கும் கிடையாது. அது பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் நிழல், இருட்டு என்றே வந்தது. 17ஆம் நூற்றாண்டில்தான் அதற்குக் கிளை விட்டது. மங்கலான உருவம், வெறும் சாயல், சாக்குப்போக்கு, சந்தேகம், மனத்தாங்கல் என்று ஆளுக்கொரு பொருளில் எழுதினார்கள்.

ஆலமரத்து அம்ப்ரேஜில் கூடாரம் அடித்தார்கள் என்பதை 'ஆலமரத்தின் மனக்கசப்பில் தங்கினார்கள்' என்று எழுதுவது போன்ற பிழைகளை இங்கே பேசப்போவதில்லை. எழுதியவரே மறுநாள் படித்தால் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார். சிரிப்பு வராத பிழைகள்தான் அச்சுவரைக்கும் போகின்றன.

ஏணி கட்டுவது

சொல் வரலாறு எழுதுகிற எல்லோருக்கும் ஏணி பிடிக்கும். முதல் படி நிழல், அடுத்த படி சாயல், அதற்கு மேல் சந்தேகம், உச்சியில் கோபம். ஒரு படியில் ஏறியதும் கீழ்ப்படி உடைந்து விழுந்துவிட்டது போல எழுதிவிடுவார்கள். அதை நம்புகிறவர், கையில் இருக்கும் நூலின் ஆண்டைப் பார்த்து, 'இது 1660க்குப் பிறகு வந்தது, ஆகவே இங்கே மனத்தாங்கல்தான்' என்று கணக்குப் போட்டுவிடுகிறார்.

ஆங்கிலக் கவிஞர் மில்டனை எடுத்துப் பாருங்கள். 1667இல் வெளிவந்த அவருடைய காவியத்தில், கனி தின்ற ஆதாம், எங்காவது காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ள மாட்டோமா என்று புலம்புகிறான். விண்மீனின் ஒளியும் வெயிலும் நுழையாத உயர்ந்த மரங்கள் தங்கள் அம்ப்ரேஜை அகல விரித்திருக்கும் இடம் வேண்டும் என்கிறான். அது அசல் நிழல். அந்த நேரத்தில் சந்தேகம், மனத்தாங்கல் என்ற பொருள்கள் புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தொகுத்த அகராதியும் மரநிழல், தோற்றம், மனத்தாங்கல் ஆகியவற்றை ஒரே சொல்லின் கீழ் அடுக்கி வைத்திருக்கிறது. எல்லாம் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் குடியிருந்த பொருள்கள். மற்றவை ஒவ்வொன்றாகக் காலிசெய்துகொண்டு போனதும் கடைசியில் ஒன்று தங்கிவிட்டது.

சந்தேகத்தைக் கோபமாக்குவது

என் பல் போன இடம் இதுதான்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் தங்கியிருந்த ஆங்கில வணிகர்களின் கடிதத் தொகுப்பு என்னிடம் வந்தது. அதில் ஓரிடம். பண்டகசாலையின் சுற்றுச்சுவரை உயர்த்தும் வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம், ஏனென்றால் அது ஆளுநருக்கு 'அம்ப்ரேஜ் தரும்' என்று எழுதியிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. 'ஆளுநர் கோபித்துக்கொள்வார் என்பதால் வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம்' என்று எழுதிவிட்டேன். இலக்கணம் சரி, ஓட்டம் சரி. மெய்ப்புப் பார்த்த இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதைவிட, அடுத்த வரியைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டு அதன் பொருளைக் கவனிக்காமல் விட்டதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. அடுத்த வரியில், 'ஆகவே சுவரின் வரைபடத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினோம்' என்று இருந்தது. கோபக்காரரைச் சமாதானப்படுத்தப் போகிறவர் வரைபடத்தைக் கொண்டுபோவாரா? பட்டுத் துணி கொண்டுபோவார், பழக்கூடை கொண்டுபோவார். வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால், பண்டகசாலை என்ற பெயரில் கோட்டை கட்டுகிறார்களோ என்று ஆளுநர் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் போயிருக்கிறார்கள். அங்கே 'அம்ப்ரேஜ்' என்றால் ஐயம். 'ஆளுநருக்குச் சந்தேகம் வரும்' என்று மூன்று சொல் எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

அதே சொல் அந்தத் தொகுப்பில் இன்னும் நான்கு இடங்களில் வந்தது. நான்கிலும் அதே கோபத்தை ஊற்றிவைத்தேன். முடிவில் என் தமிழில் அந்த ஆளுநர், சுவரைக் கண்டால் சீறுகிற, கப்பலைக் கண்டால் குமுறுகிற சிடுமூஞ்சியாகிப் போனார். ஆங்கிலத்தில் இருந்தவரோ தன் துறைமுகத்தில் வெளியூரார் என்ன செய்கிறார்கள் என்று கண்காணித்த, விவரம் தெரிந்த நிர்வாகி. ஒரு மனிதரின் குணத்தையே மாற்றிவிட்டேன்.

புத்தகம் அச்சாகி, பைண்டிங்குக்குப் போகும் முன் ஒரு பிரதியை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பார்த்தார். 'இந்த ஆளுநர் ஏன் தம்பி எப்போது பார்த்தாலும் கத்திக்கொண்டே இருக்கிறார்?' என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இரவு முழுக்க உட்கார்ந்து மூலத்தைப் புரட்டினேன். ஐந்து இடங்களும், பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும் பாரங்களில் இரண்டில் இருந்தன. முப்பத்திரண்டு பக்கத்தையும் மறுபடி அச்சடித்த செலவைப் பதிப்பகம் என் ஊதியத்தில் கழித்துக்கொண்டது. அதற்காக நான் அம்ப்ரேஜ் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள முகமும் இல்லை.

சந்தேகம் எங்கே இருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குக் குதிரையைக் காட்டுவேன். பிரெஞ்சில் நிழல் என்ற சொல்லிலிருந்தே பிறந்த 'ஓம்ப்ராஜோ' என்ற உரிச்சொல், எதைக் கண்டாலும் மிரளுகிற குதிரைக்கு வழங்குகிறது. அதே சொல், லேசில் மனம் சுருங்கிவிடுகிற மனிதருக்கும் பொருந்துகிறது. அலெக்சாந்தரின் குதிரை பூசெபாலஸ் கதையைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். யாருக்கும் அடங்காத அந்தக் குதிரை தன் முன்னால் ஆடுகிற தன் நிழலுக்கே மிரளுகிறது என்று சிறுவன் அலெக்சாந்தர் கண்டுகொண்டான். அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தான். சொல்லின் வரலாற்றுக்கு அந்தக் கதை சான்று ஆகாது. ஆனால் நிழலில் தொடங்கி மிரட்சிக்கும் மிரட்சியிலிருந்து ஐயத்துக்கும் மனம் எப்படிப் போகிறது என்பதைக் கண்முன் நிறுத்திவிடும். முதலில் வருவது மிரட்சி. கோபம் கடைசியில் வந்து சேர்ந்த விருந்தாளி.

இன்றைய பொருளுக்குக்கூடக் 'கோபம்' அளவு பெரிய சட்டை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் தன்னை உட்காரச் சொல்லவில்லை என்று சம்பந்தி வீட்டுச் சித்தப்பா வாய் திறக்காமல் மண்டபத்து வாசலில் போய் நிற்பாரே, அதுதான் அம்ப்ரேஜ். யாரும் அவமதித்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை; அவமதித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றினால் போதும். அந்தத் 'தோன்றினால்' என்பதில் பழைய ஐயத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனத்தாங்கல், மனவருத்தம், குறைப்படுதல் என்று இடத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். 'சினந்து பொங்கினார்' என்று மட்டும் வேண்டாம்.

பழைய ஆங்கிலம் வேறு, ஆங்கிலத்தின் பழைய சொல் வேறு

'பழைய ஆங்கிலம்' என்று மொழியியலார் சொல்வது ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்த மொழியை. அம்ப்ரேஜ் அதற்கு வெகுகாலம் கழித்து வந்த பிரெஞ்சு மருமகள். அந்தப் பழைய மொழியில் நிழலுக்கு இருந்த சொந்தச் சொல் 'ஷெயது'. நம் 'மரம்' வேற்றுமை உருபு ஏற்கும்போது 'மரத்து' ஆகிறதல்லவா? அப்படி அந்தச் சொல்லின் எழுவாய் வடிவம் இன்றைய 'ஷேட்' ஆயிற்று, உருபேற்ற வடிவம் 'ஷேடோ' ஆயிற்று. 'மரம்' ஒரு சொல்லாகவும் 'மரத்து' வேறொரு சொல்லாகவும் பிரிந்து தனித்தனிக் குடும்பம் நடத்தினால் எப்படியோ, அப்படி. புல்வெளியைக் குறிக்கும் 'மீட்', 'மெடோ' இரண்டும் பிறந்தது இதே வழியில்தான்.

'த்ரோ ஷேட்' அம்ப்ரேஜின் பேத்தி அல்ல

ஒருவரை நாசூக்காக மட்டம்தட்டுவதைச் சொல்கிற இந்தத் தொடர், நியூயார்க்கில் கறுப்பின, லத்தீனத் தன்பாலின நடனக் கூடங்களில் வளர்ந்த வழக்கு. பொருள் பக்கத்து வீடு. இரத்த உறவு இல்லை.

அம்பர்

மஞ்சள் பிசினுக்கு ஒன்று, பழுப்புச் சாய மண்ணுக்கு ஒன்று என்று ஆங்கிலத்தில் இருக்கும் இரண்டு சொற்கள் தமிழில் எழுதும்போது ஒரே எழுத்தில் வந்து நிற்கும். முன்னது அரபுச் சொல். பின்னது உம்ப்ரியா என்ற இத்தாலியப் பகுதியின் பெயரா நிழலா என்று அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. தொடாதீர்கள்.

குடைக்கு மழையைக் கொண்டுவருவது

'அம்ப்ரெல்லா' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வந்தபோது வெயிலுக்குப் பிடித்த குட்டி நிழல். அந்தக் காலத்துப் பயணியின் கையில் அதைக் கண்டதும் மழை பெய்ததாக எழுதிவிடாதீர்கள். நானே ஒருமுறை இத்தாலியக் கோடையில் தூறல் போட்டிருக்கிறேன்.

வெயில் ஊர், குளிர் ஊர்

புதியவர் ஒருவர் முன்னுரையில் ஒரு கொள்கையையே எழுதி வைத்திருந்தார். குளிர்நாட்டு ஆங்கிலேயருக்கு நிழல் வேண்டாதது, ஆகவே அது மனக்கசப்பு ஆனது. வெயிலில் காய்கிற நமக்கு நிழல் அருள், ஆகவே அப்பர் 'ஈசன் எந்தை இணையடி நிழலே' என்று பாடினார் என்பது அவர் வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்கும் ஐந்து நிமிடம் பிடித்திருந்தது.

பிறகு மில்டனின் ஆதாம் நினைவுக்கு வந்தான். அவன் அடைக்கலம் தேடுவதே அந்த நிழலில்தான். நல்ல வெயில் அடிக்கிற ரோமாபுரியிலோ, அழைக்கப்பட்ட விருந்தாளி தன்னோடு கூட்டிவருகிற, அழைக்கப்படாத ஆளுக்கு 'உம்ப்ரா' என்று பெயர். ரோமானியக் கவிஞர் ஹோரஸ் எழுதிய விருந்தில் மைசீனஸ் என்ற செல்வருடன் அப்படி இரண்டு நிழல்கள் வந்து உட்காருகின்றன. நம் வள்ளுவரும் 'நிழல்நீரும் இன்னாத இன்னா' என்கிறார்: நோய் தருமானால் நிழலும் நீரும்கூடத் தீயவை. ஒரு சொல்லின் பொருளை வானிலை அறிக்கையை வைத்து விளக்க முடியாது. அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

ஹாம்லெட்டில் கை வைப்பது

அவசரப்படாதீர்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், அலங்காரமாகப் பேசிக் கொல்லும் ஆஸ்ரிக் என்ற அரசவை ஆளை ஹாம்லெட் அவன் பாணியிலேயே கிண்டல் செய்கிறான். வாள்போட்டியில் தன்னை எதிர்க்கப்போகும் லேயர்டீஸுக்கு நிகர் அவனுடைய கண்ணாடி பிம்பம்தான், அவனைப் பின்தொடர நினைக்கிறவன் அவனுடைய அம்ப்ரேஜ் மட்டுமே என்கிறான். 1604ஐ ஒட்டி வந்த இரண்டாம் குவார்ட்டோ என்ற பழைய அச்சுப் பதிப்பில் அந்த வரி இருக்கிறது. 1623இல் வந்த ஃபோலியோ தொகுப்பில் இல்லை. பொருள் 'நிழல்' என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் 'ஷேடோ' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேண்டுமென்றே பிரெஞ்சுப் பட்டு உடுத்திய சொல்லை எடுக்கிறான். 'நிழல்' என்று எழுதினால் அந்தப் பகட்டு போய்விடுகிறது.

என் நோட்டில் இதற்கு நான்கு முயற்சிகள் அடித்துக் கிடக்கின்றன. போன வாரம் 'சாயை' என்று எழுதிப் பார்த்தேன். ஆஸ்ரிக் தலையாட்டுவான் என்று நினைக்கிறேன்.