சிங்கப்பூரிலிருந்து பெருநிறை விண்மீன்களின் ஒளிமாற்றத்தையும் காற்றையும் பதிவுசெய்யும் முறை

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 1.3 பாகையில் இருக்கும் சிங்கப்பூரிலிருந்து, நிறையிழப்புக்குப் பேர்பெற்ற இரண்டு பெருநிறை விண்மீன்களையும் ஆண்டுதோறும் பார்க்க முடியும். தென்வானில் உள்ள ஈட்டா கரீனே உச்சங்கடக்கும்போது அடிவானிலிருந்து 29 பாகை உயரத்திலும், வடவானில் உள்ள பி சிக்னி 53 பாகை உயரத்திலும் நிற்கும். ஐரோப்பியருக்கு முதலாவது எட்டாது. தென் ஆஸ்திரேலியருக்கு இரண்டாவது அடிவானை ஒட்டியே தெரியும். நம் குறை வேறு: 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, இந்நாட்டு மக்கள் அனைவருமே கண் முழுமையாக இருளுக்குப் பழக முடியாத வானத்தின்கீழ் வாழ்கிறார்கள். ஆகவே வெறுங்கண்ணை நம்பாமல் 7x50 அல்லது 10x50 பைனாகுலருடன் தொடங்குங்கள்.

ஈட்டா கரீனேயை மே மாதத் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று நேர் தெற்கே, தென்சிலுவைக்கு மேற்கில் தேடலாம். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் கண்ணில் படாதவாறு நிற்பது நல்லது. பி சிக்னிக்குச் செப்டம்பர் இறுதியின் அதே நேரம் பொருந்தும். புகைமூட்டம் இல்லாத இரவானால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டையின் பல மாடி கார் நிறுத்தத்தின் மேல்தளமே போதும்.

பொலிவை அளக்கும் முறை எளிது. அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் வரைபடத்தில் பொலிவெண் (எண் சிறிதானால் பிரகாசம் கூடுதல்) குறிக்கப்பட்ட இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களை, ஒன்று சற்றுப் பிரகாசமாகவும் மற்றது சற்று மங்கலாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். அவை 4.2, 5.0 என்றிருந்து, உங்கள் விண்மீன் பிரகாசமானதிலிருந்து கால்பங்கு தொலைவில் இருப்பதாகத் தோன்றினால், மதிப்பு 4.4 ஆகும். ஈட்டா கரீனேயின் ஒளி நம்மை அடையுமுன் தலைக்கு மேலே உள்ளதைப் போல இருமடங்கு வளிமண்டலத்தைக் கடக்கிறது. எனவே ஒப்பீட்டு விண்மீன்களும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்க வேண்டும். நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலிருந்து 8 மணி கழித்து உலக நேரமாக எழுதுங்கள். கண் மதிப்பீட்டின் பிழையும் பி சிக்னியின் வழக்கமான ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 0.1 முதல் 0.2 வரை என்பதால், ஒற்றை இரவின் எண்ணுக்குப் பொருளில்லை.

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். பொலிவு கூடியது என்பதாலேயே விண்மீன் கூடுதல் ஆற்றலை வெளியிட்டது என்றோ, கூடுதல் நிறையை இழந்தது என்றோ முடிவுசெய்யக் கூடாது. இத்தகைய விண்மீன்களில் காணப்படும் எஸ் டொராடஸ் வகை மாற்றத்தில், விண்மீன் சில ஆண்டுகளில் விரிந்து, 20,000 கெல்வினுக்கு மேலிருந்த மேற்பரப்பு 8,000 கெல்வின் அளவுக்குக் குளிர்கிறது. புற ஊதாவாகச் சென்றுகொண்டிருந்த ஒளி கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுவதால், மொத்த ஆற்றல் பெரிதும் மாறாமலேயே பொலிவு ஒன்று அல்லது இரண்டு பொலிவெண் அளவுக்குக் கூடுகிறது. ஈட்டா கரீனேயின் கதையோ வேறு. 1843இல் அது சிரியஸுக்கு அடுத்த பிரகாசத்தை எட்டியது. அன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தெற்கு நோக்கி நின்ற எவரும் கருவியின்றியே அதைக் கண்டிருக்கலாம். அக்காலத்தில் அவ்விண்மீனில் நிகழ்ந்த பெரிய வெடிப்பில் சூரியனைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட நிறை வெளியேறியது. ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் அது பிரகாசமடைந்து வருவதற்கு, நம் பார்வைக் கோட்டிலுள்ள தூசி விலகுவதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. எனவே கேமராவின் பச்சை, நீல அலைவரிசைகளைத் தனித்தனியே அளந்து வாருங்கள். பொலிவு கூடும்போது நிறம் சிவந்தால் விண்மீன் விரிகிறது. சிவக்காமல் கூடினால் தூசியை ஐயுற வேண்டும்.

விண்மீனின் மேற்பரப்பிலிருந்து வெளியே பாயும் வாயுவான காற்றைக் காண, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த நிறமாலை வேண்டும். இந்தக் காற்றைத் தள்ளுவது ஒளியே: இரும்பு முதலிய அயனிகள் புற ஊதா ஒளியை உட்கவர்ந்து உந்தம் பெறுகின்றன, வேகம் கூடக்கூட டாப்ளர் பெயர்ச்சியால் (இயக்கத்தால் அலைநீளம் மாறித் தெரிவது) இன்னும் உட்கவரப்படாத அலைநீளங்கள் அவற்றுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. மேற்பரப்பு ஏறத்தாழ 21,000 கெல்வினுக்குக் கீழே குளிரும்போது இரும்பு அயனிகள் ஓர் எலக்ட்ரானை மீட்டுக்கொள்வதால், விண்மீனின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகத்துடன் ஒப்பிட்ட காற்றின் வேகம் பாதியளவாகிறது. ஒளிமாற்றமும் காற்றும் பிணைந்திருப்பது இங்கேதான்.

மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியைக் கேமரா லென்ஸின் முன் பொருத்தி, மார்ச் இறுதியில் காமா வெலோரமிலிருந்து தொடங்குங்கள். அந்த வுல்ஃப்-ராயெ விண்மீனின் (வலிய காற்றால் அகன்ற உமிழ்கோடுகள் காட்டும் வகை) காற்று நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வீசுவதால், 465, 580 நானோமீட்டரிலுள்ள கார்பன் பட்டைகள் அகலமாகப் பளிச்சிடும். பி சிக்னியில் இந்தக் கருவிக்கு ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் உமிழ்கோடே முதன்மையாகக் கிட்டும். அதன் நீலப் பக்கத்து உட்கவர் பள்ளம், நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திற்கு வெறும் 0.44 நானோமீட்டரே விலகியிருப்பதால், பிளவு கொண்ட நிறமாலைமானி இல்லாமல் பிரியாது. கருவி விளம்பரப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நிறையிழப்பு வீதம் என்பது 4π, ஆரத்தின் இருமடி, அடர்த்தி, வேகம் ஆகியவற்றின் பெருக்கல். வேகத்தை நிறமாலை நேரடியாகத் தரும், அடர்த்தியைத் தராது. உமிழ்கோட்டின் வலிமை அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது என்பதால், காற்று கட்டிகட்டியாக இருந்தால் வீதம் மிகையாகத் தோன்றும். ஆகவே நாம் ஏற்கெனவே அறிந்த அளவுகளை வழிகாட்டியாகக் கொள்வதே நேர்மை: பி சிக்னி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துப் புவிகளின் நிறையையும், ஈட்டா கரீனே ஏறத்தாழ ஒரு வியாழனின் நிறையையும் இழக்கின்றன.

ஈட்டா கரீனேயின் துணை விண்மீன் 5.54 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கிவரும்போது, இரு காற்றுகள் மோதுமிடத்து எக்ஸ் கதிர் சரிந்து, பல எலக்ட்ரான்களை இழந்த அயனிகளின் நிறமாலைக் கோடுகள் மங்குகின்றன. 2020 பிப்ரவரியிலிருந்து கணக்கிட்டால், 2025 ஆகஸ்டுக்கு அடுத்த நெருக்கம் 2031 மார்ச்சு வாக்கில் வரும். அது நம் முன்னிரவு வானில் அவ்விண்மீன் ஏறிவரும் பருவம். அதற்குள் குறைந்தது மூன்று பருவங்களின் அளவீடுகளை, ஒரே கேமரா, ஒரே ஒப்பீட்டு விண்மீன்களைக் கொண்டு சேர்த்து வையுங்கள்.