வேப்பம்பூவை வீணாக்காதீர்கள்

யாழ்ப்பாணத்து வளவுகளில் நிழலுக்காக விட்டுவைக்கும் வேம்பை, கசப்பும் குளிர்ச்சியும் கொண்டு பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும் ‘நிம்ப’ மரமாக ஆயுர்வேதம் கொள்கிறது. தோல் நோய்களுக்கு அதன் பட்டையும் இலையும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மரம் பூத்திருக்கும் நாட்களில் மாலையில் அதன் கீழ் சுத்தமான துணியை விரித்து, காலையில் உதிர்ந்துகிடக்கும் பூக்களைக் கூட்டியெடுத்து, காம்பும் தூசும் நீக்கி, வெயிலில் மொறுமொறுப்பாக உலர்த்திப் போத்தலில் அடைத்து வைக்கலாம். அரைத்த உளுந்து, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயத்துடன் பூவைப் பிசைந்து வடகமாகத் தட்டிக் காயவைத்துப் பொரித்தால், கசப்பென்று முகம் சுளிப்பவர்களும் இன்னொன்று கேட்பார்கள். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பது வலிப்பையும் மூளைப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடியது. கர்ப்பிணிகளும் வேம்பை மருந்தாக உட்கொள்ளக் கூடாது.