ஹேர் டிரான்ஸ்பிளான்ட்: ஹேர்லைனை கீழ இறக்காதீங்க, அப்புறம் இன்னும் சில தவறுகள்

போன வாரம் என் சித்தி பையன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். வயசு 23. நெத்தியில முடி ஆரம்பிக்க வேண்டிய ஹேர்லைனை கறுப்பு மார்க்கர்ல கோடா போட்டிருந்தாங்க, ரெண்டு நெத்திப்பொட்டு ஓரத்துலயும் மூலையை நல்லா மூடி, ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா. கீழ, "அண்ணா, வர்ற சனிக்கிழமை டேட் குடுத்துட்டாங்க, 3000 கிராஃப்ட், எப்படி இருக்கு?"ன்னு கேட்டிருந்தான். கிராஃப்ட்னா பிடரியில இருந்து வேரோட எடுத்து நடுற குட்டி முடிக்கொத்து. பார்த்ததும் வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா 24 வயசுல என் நெத்தியில போட்டதும் அச்சு அசல் இதே கோடுதான்.

நான் டாக்டர் இல்ல. ரெண்டு தடவை பண்ணிக்கிட்டவன், 24ல ஒண்ணு, அதை சரி பண்ண 33ல இன்னொண்ணு. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க ஏழெட்டு பேருக்குத் துணையா போயி கன்சல்டேஷன்ல, ஆபரேஷன் அன்னைக்கு, மொத வாஷ் அன்னைக்குன்னு கூடவே இருந்திருக்கேன். சிகரெட் பிடிக்காதீங்க, தலையை சொறியாதீங்க, குனிஞ்சு வெயிட் தூக்காதீங்க, இதெல்லாம் அவங்க குடுக்குற பேப்பர்லயே இருக்கும், அதை இங்க எழுதலை. பேப்பர்ல இல்லாததை எழுதுறேன்.

ஹேர்லைனை கீழ இறக்குறது

இதை முதல்ல நீளமா சொல்லிடுறேன், மத்ததெல்லாம் சின்னது.

ஆம்பளைங்களுக்கு வர்ற வழக்கமான வழுக்கையில முன்பக்கமும் உச்சியும்தான் போகும், பிடரியிலயும் காதுக்கு மேலயும் முடி நிக்கும். டிஹெச்டிங்கற ஹார்மோன் முன்பக்க வேர்களை சுருக்கும், பிடரி வேர்கள் அதுக்கு அசையாது. அந்த பிடரி முடியை எடுத்து முன்னாடி நட்டாலும் அதோட குணம் மாறாம வளருது, இதை 1950கள்ல நியூயார்க்ல நார்மன் ஓரன்ட்ரைக்னு ஒரு டாக்டர் செஞ்சு காட்டினார், இன்னைக்கு வரைக்கும் மொத்த தொழிலும் அது மேலதான் நிக்குது. ஆனா இதுக்குள்ளேயே ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. நட்ட முடி நிக்கும், நடாத பழைய முடி தன்பாட்டுக்கு கொட்டிக்கிட்டே இருக்கும். ஆபரேஷன் பண்ணிட்டதால வழுக்கை நின்னுடாது.

அடுத்தது பிடரியில இருக்குற இருப்பு. கிணத்துல இறைச்சா தண்ணி திரும்ப ஊறும், முடி எடுக்குற டோனர் ஏரியா ஊறாது, எடுத்த இடம் எடுத்ததுதான். நல்ல அடர்த்தி இருக்குறவனுக்கே வாழ்நாள் முழுக்க சேர்த்து ஒரு 6000 கிராஃப்ட் கணக்குல பாதுகாப்பா எடுக்கலாம், நிறைய பேருக்கு அதுவும் கிடையாது. முழு வழுக்கை ஆகுற தலைக்கு முன்பக்கம், நடுத்தலை, சுழி எல்லாம் மூட அது பத்தவே பத்தாது.

என் கதை இதுதான். முதல் கன்சல்டேஷனுக்கு காலேஜ் ஐடி கார்டை எடுத்துட்டுப் போனேன். அதுல 17 வயசு போட்டோ, நெத்தி சின்னதா, முடி புருவத்துக்கு மேல வந்து நிக்கும். கிளினிக்ல பேசி விளக்குற கவுன்சிலர் "இதே மாதிரி கொண்டு வந்துடலாம் சார்"னு சொன்னாரு, மார்க்கரை எடுத்து அந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து கோடு போட்டாரு, டாக்டர் வந்து ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு ஓகேன்னுட்டாரு. உங்க அப்பா தலை எப்படி, அம்மா வழி தாத்தா தலை எப்படி, மாமாங்க எப்படின்னு ஒருத்தர் கேக்கலை. எங்க அப்பாவுக்கு 40 வயசுலேயே காதோரம் மட்டும்தான் முடி. 2600 கிராஃப்ட், அத்தனையும் முன்பக்கத்துல.

முதல் ரெண்டு வருஷம் நான்தான் ராஜா. 27ல நட்ட முடிக்குப் பின்னாடி லேசா இடைவெளி தெரிய ஆரம்பிச்சுது. 29ல ஒரு நாள் சலூன்ல முடி வெட்டி முடிச்சுட்டு அண்ணன் பின்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் மேல தூக்கிக் காட்டினாரு. முன்னாடி நாலு விரல் அகலத்துக்கு கறுப்பா அடர்த்தியா ஒரு பட்டை, அதுக்குப் பின்னாடி டியூப்லைட் வெளிச்சத்துல பளபளன்னு தோல், அப்புறம் பிடரி முடி. "என்ன தம்பி, முன்னாடி மட்டும் இப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு, அவர் கேட்டதுல தப்பே இல்ல. அன்னையிலிருந்து நாலு வருஷம் முன்முடியை நீளமா வளர்த்து பின்னாடி தள்ளி சீவி, மேல ஃபைபர் பவுடர் தூவி, மழை வந்தா ஒதுங்கி, காத்தடிச்சா தலையைப் புடிச்சுக்கிட்டு ஓட்டினேன். சாதாரண வழுக்கைன்னா மொட்டை அடிச்சுட்டு நிம்மதியா இருக்கலாம், எனக்கு பிடரியில எடுத்த இடமெல்லாம் புள்ளியா தெரியுங்கறதால அந்த வழியும் அடைஞ்சு போச்சு.

33ல வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவர் லென்ஸ் வெச்சு பிடரி முழுக்க அரைமணி நேரம் பார்த்துட்டு, "1800க்கு மேல எடுத்தா பின்னாடி பூச்சி அரிச்ச மாதிரி ஆயிடும்"னு சொல்லிட்டாரு. அந்த 1800ஐ நடுத்தலைக்குப் போட்டோம். முன்வரிசையில தடியா தெரிஞ்ச கொஞ்சம் கிராஃப்ட்டை திரும்ப எடுத்து பின்னாடி நட்டு கோட்டை ஓரளவு இயல்பா ஆக்கினாரு. சுழி இன்னைக்கும் காலிதான், அதுக்கு எடுக்க இருப்பு இல்ல.

இப்போ கணக்கைப் பாருங்க. ஹேர்லைன் குறுக்க சுமார் 15 சென்டிமீட்டர்னு வைங்க. கோட்டை ஒன்றரை சென்டிமீட்டர் கீழ இறக்கினா 22 சதுர சென்டிமீட்டருக்கு மேல புதுசா மூடணும், சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட்னாலே 900 போயிடும். மூலை ரெண்டையும் மூடினா இன்னும் சில நூறு. வயசுக்கு வந்த ஆம்பளைக்கு எங்க முடி இருக்கவே வேண்டாமோ அங்க இத்தனையும் கொட்டியாச்சு. அந்த 900 என்கிட்ட இருந்திருந்தா நடுத்தலை இன்னும் அடர்த்தியா வந்திருக்கும்.

அதனால கோடு போடும்போது இதைப் பாருங்க. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல இருந்து மேல நாலு விரக்கடை, ஏழுல இருந்து எட்டு சென்டிமீட்டர், அதுக்குக் கீழ நடுப்புள்ளி வர வேண்டாம். பொட்டுக்கு மேல மூலை கொஞ்சம் உள்வாங்கியே இருக்கட்டும், 40 வயசு முகத்துக்கு அதுதான் பொருந்தும். முன்வரிசையில ஒத்தை முடி கிராஃப்ட் மட்டும், கொஞ்சம் கோணல்மாணலா. அடுத்து, 25 வயசுக்குள்ள இருந்தா ஒரு வருஷமாவது மாத்திரை மருந்துல இருந்து பாருங்க, எங்க போயி நிக்கும்னு தெரியாத வழுக்கைக்கு யாராலயும் பிளான் போட முடியாது. "கீழ இறக்க மாட்டேன், மேலதான் வைப்பேன்"னு உங்ககிட்ட சண்டை போடுற டாக்டர் கிடைச்சா அவரை விடாதீங்க. நீங்க கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டுறவங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகலை. 24 வயசுப் பையனுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்.

மாத்திரை வேண்டாம், ஆபரேஷன் மட்டும் போதும்னு சொல்றது

நானும் சொன்னேன். ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் அமெரிக்காவுல 1997லயே தலைமுடிக்குன்னு அனுமதி வாங்கினது, டிஹெச்டியைக் குறைச்சு இருக்குற முடியைப் பிடிச்சு நிறுத்துறதுதான் அதோட வேலை. சில பேருக்கு தாம்பத்ய ஆசை குறையுறது, விறைப்புல பிரச்சனை, மனச் சோர்வு வரலாம், அதனால மெடிக்கல்ல போயி நீங்களா வாங்காம தோல் டாக்டர்கிட்ட உக்கார்ந்து பேசிட்டு ஆரம்பிங்க. 40 தாண்டினவங்க இன்னொண்ணும் கவனிங்க, பிராஸ்டேட்டுக்குப் பார்க்குற பிஎஸ்ஏ ரிசல்ட்டை இந்த மாத்திரை பாதியா குறைச்சுக் காட்டும், டெஸ்ட் எடுக்கும்போது சொல்லணும். வீட்ல கர்ப்பமா யாராவது இருந்தா உடைஞ்ச மாத்திரையை அவங்க தொடக்கூடாது. தலையில தடவுற மினாக்சிடில் மருந்து ஆரம்பிச்ச முதல் சில வாரம் கொட்டுறது கூடும், அதைப் பார்த்து பயந்து நிறுத்திடுறாங்க, ஆறு மாசமாவது தொடர்ந்து போட்டாதான் தெரியும். மாத்திரை ஒத்துக்கலைன்னா அது தப்பில்ல, ஆனா அப்போ கோட்டை இன்னும் மேலயும் எண்ணிக்கையை இன்னும் கம்மியாவும் வெச்சு பிளான் பண்ணணும்.

யார் பண்றாங்கன்னு கேக்காம படுக்குறது

2016ல சென்னையில 22 வயசு எம்பிபிஎஸ் கடைசி வருஷ மாணவர் ஒருத்தர் முடி நட்டுக்கிட்ட ரெண்டு நாள்ல இறந்துட்டாரு. மருத்துவம் படிச்ச பையன். அவர் போன இடத்துக்கு சலூன் நடத்துற லைசென்ஸ்தான் இருந்துதுன்னு அப்போ செய்தியில வந்துது. 2022ல தேசிய மருத்துவ ஆணையம் இதுக்குன்னே வழிகாட்டுதல் போட்டுச்சு, தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ முறையா படிச்சவங்க செய்யணும், வொர்க்‌ஷாப்லயும் யூடியூப்லயும் பார்த்துக் கத்துக்கிட்டது பயிற்சி ஆகாதுன்னு அதுல தெளிவாவே இருக்கு. நீங்க கேக்க வேண்டியது மூணு. எனக்கு மரப்பு ஊசி யார் போடுவாங்க, துளை யார் போடுவாங்க, டாக்டர் எத்தனை மணி நேரம் அதே ரூம்ல இருப்பாரு. அன்னைக்கு அவருக்கு இன்னும் எத்தனை கேஸ்னும் கேளுங்க. ஆறேழு மணி நேரம் ஊசி மருந்து ஏறுற வேலை இது, பல்ஸும் பிரஷரும் பார்க்குற மெஷின் பக்கத்துல இல்லன்னா எழுந்து வந்துடுங்க.

கிராஃப்ட்டையும் முடியையும் குழப்பிக்கிறது

ஒரு கிராஃப்ட்ல ஒண்ணுல இருந்து நாலு முடி வரை இருக்கும். "5000 முடி"ன்னா 2500 கிராஃப்ட் கூட வராம போகலாம். கோட்டேஷன்ல கிராஃப்ட்னு எழுதி வாங்குங்க. ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னும் கேளுங்க.

கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி பண்றது

ரெண்டாவது வாரத்துல இருந்து நட்ட முடி கொட்ட ஆரம்பிக்கும், ரெண்டாவது மாசத்துக்குள்ள பெரும்பாலும் கொட்டி முடிச்சுடும், வேர் உள்ளதான் இருக்கும். பக்கத்துல இருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில கொஞ்சம் உதிரும். அதாவது ரெண்டு மூணு மாசத்துல ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததை விட மோசமா தெரிவீங்க. நாலாவது மாசம் பூனை முடி மாதிரி வரும், ஆறாவது மாசம் பாதி, முழுசா தெரிய ஒரு வருஷம், சுழிக்கு ஒன்றரை வருஷம் கூட ஆகும். நான் கூடப் போன ஒரு பையன் தையில கல்யாணம்னு ஐப்பசியில பண்ணிக்கிட்டான், நான் சொல்லச் சொல்ல கேக்கலை. ரிசப்ஷன்ல நெத்தி முழுக்க சிவப்பு மறையாம மேக்கப் மேல மேக்கப் போட்டாங்க, ஆல்பத்தை இன்னைக்கும் அவன் திறக்குறதில்ல.

பயந்துக்கிட்டு தலைக்கு தண்ணியே காட்டாம இருக்குறது

கை வெச்சு புடுங்குறவனை விட இப்படி பயப்படுறவங்கதான் ஜாஸ்தி. திருச்சியில ஒருத்தர் 18 நாள் குளிக்கும்போது தலையை விட்டுட்டாரு. நான் பார்த்தப்போ பொருக்கு தேன்கூடு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மஞ்சளா இருந்துது, அடியில சில இடத்துல சீழ். அவங்க அம்மா சூடு தணியட்டும்னு தேங்காய் எண்ணெய் வேற வெச்சு விட்டிருந்தாங்க, பாசத்துலதான். ரெண்டாவது மூணாவது நாள் கிளினிக்ல மொத வாஷ் பண்ணிக் காட்டுவாங்க, அதை வீட்ல ஒருத்தரை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் தினமும் பேபி ஷாம்பு நுரையை மட்டும் மேல வெச்சு, சொம்புல தண்ணியை மெதுவா ஊத்தணும், ஷவர் வேண்டாம். கிராஃப்ட் 9, 10 நாள்ல பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் விரல் நுனியால வட்டமா லேசா தேய்ச்சா ரெண்டு வாரத்துக்குள்ள பொருக்கு போயிடும். பொருக்கோட குட்டி முடியும் வரும், அதைப் பார்த்து அலறாதீங்க. ரத்தம் வந்தாதான் கிராஃப்ட் போச்சுன்னு அர்த்தம்.

மூணாவது நாள் நெத்தி வீங்கி கண்ணு வரைக்கும் இறங்கும், அது தானா வடியும். காய்ச்சல், துடிக்கிற வலி, சீழ் இருந்தா மட்டும் அன்னைக்கே போங்க. முதல் ஒரு வாரம் ரெண்டு மூணு தலைகாணி வெச்சு சாய்ஞ்சு தூங்குங்க.

ஹெல்மெட்

மூணு வாரம் பஸ்ல போங்க.

வேண்டுதல் மொட்டை

பழனியோ திருப்பதியோ ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க. அப்புறம்னா ஒரு வருஷம் கழிச்சு, அதுவும் பிடரியில எடுத்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியா தெரியும்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க.

அட்வான்ஸ் கட்டிட்டோமேன்னு போறது

டேட்டை கேன்சல் பண்ணினதால சித்தி பையன் கட்டின 10,000 ரூபா திரும்ப வரலை. சித்தி ரெண்டு நாள் என்கிட்ட பேசலை, நல்லா நடக்க இருந்ததை கெடுத்துட்டேன்னு. சனிக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொல்லி என் தலையை டியூப்லைட்டுக்குக் கீழ குனிஞ்சு காட்டினேன், முன்பக்கப் பட்டையையும் காலி சுழியையும் கையால தொட்டுப் பார்த்தான். திங்கக்கிழமை தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.