சோவியத் மீன்பாட்டுக் கணக்கை வாசிப்பது எப்படி

சோவியத் ஒன்றியத்தின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்புகளில் மீன்பிடித் தொழிலுக்கென்று உள்ள பக்கத்தைத் திறப்பவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு செங்குத்தான ஏற்றம். 1950இல் சுமார் 17.5 லட்சம் டன்னாக இருந்த மீன்பாடு, 1960இல் 35 லட்சம் டன்னாகவும், 1970இல் 78 லட்சம் டன்னாகவும், 1975இல் 1 கோடியே 3 லட்சம் டன்னாகவும் உயர்ந்தது. இந்த எண்களைக் கண்டதும் சிலர் இதைத் திட்டப் பொருளாதாரத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் அத்தனையும் பொய்க்கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு முடிவுகளும் அவசரமானவை. அந்த மீன்களில் மிகப் பெரும்பகுதி உண்மையாகவே பிடிக்கப்பட்டது. ஆனால், கடலில் எவ்வளவு மீன் மிஞ்சியிருக்கிறது என்பதையோ மக்களின் தட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதையோ சொல்வதற்காக அந்த எண்கள் உருவாக்கப்படவில்லை. திட்டம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே அவை உருவாயின. அந்தக் கேள்வி என்ன என்பதைக் கண்டுபிடித்து, எண்ணை அதனோடு சேர்த்து வாசிக்கும் முறையை, இத்துறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தலைப்பையும் அலகையும் முதலில் பாருங்கள்

அட்டவணையின் தலைப்பை முழுவதுமாக வாசிக்காமல் எண்ணுக்குள் நுழையக் கூடாது. தொகுப்புகளில் இந்த வரிசை பெரும்பாலும் மீன், கடல் விலங்குகள், திமிங்கிலங்கள், பிற கடல் உயிரினங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகவே தரப்பட்டிருக்கிறது. ஆகவே திமிங்கில வேட்டை உச்சத்திலிருந்த 1950களின் இறுதியையும் 1960களின் தொடக்கத்தையும் பிற்காலத்தோடு ஒப்பிடும்போது, வளர்ச்சி என்று தோன்றுவதில் எவ்வளவு மீன், எவ்வளவு திமிங்கிலம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. தண்ணீரிலிருந்து வெளியே வந்த நிலையில் உள்ள மீனின் எடையும், தலையும் குடலும் நீக்கிய பின் உள்ள எடையும், எலும்பு நீக்கிய சதையின் எடையும் வெவ்வேறு. மிந்தாய் (வட பசிபிக்கில் கிடைக்கும் பொல்லாக்) போன்ற மீனை முள்ளில்லாத சதைத் துண்டுகளாக்கினால் முழு மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கையில் மிஞ்சும். டப்பா மீனுக்கு வரும்போது அலகே மாறிவிடுகிறது. அங்கே கணக்கு டன்னில் அல்ல, 'நிபந்தனை டப்பா' என்ற அலகில் இருக்கும். சுமார் 353 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எட்டாம் எண் டப்பாவை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, சிறியதும் பெரியதுமான எல்லா டப்பாக்களையும் அதற்கு ஈடாக மாற்றி, லட்சக்கணக்கில் எண்ணினார்கள். அந்த நெடுவரிசையில் தெரிவது ஒருவர் கடையில் வாங்கிய டப்பாக்களின் எண்ணிக்கை அல்ல.

கட்டளை கப்பலை அடையும் வழியைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மாஸ்கோவில் கோஸ்பிளான் என்ற திட்டக்குழு இலக்கை வகுக்கும். அது மீன்வள அமைச்சகத்துக்குப் போகும். அந்த அமைச்சகத்தை 1940 முதல் 1979 வரை, சிறு இடைவெளிகள் நீங்கலாக, அலெக்சாந்தர் இஷ்கோவ் என்ற ஒரே மனிதர்தான் நடத்தினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்கையில் காணப்படும் தொடர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அமைச்சகத்திலிருந்து இலக்கு ஐந்து கடல்வட்டாரங்களின் நிர்வாகங்களுக்குப் பிரியும்: மேற்குக்கு ரிகா, வடக்குக்கு மூர்மன்ஸ்க், தெற்குக்கு செவஸ்தோபோல், தூரக்கிழக்குக்கு விளாதிவஸ்தோக், காஸ்பியனுக்கு அஸ்திரகான். அங்கிருந்து கப்பல் அணிகளுக்கும், மீனவர் கூட்டுப்பண்ணைகளுக்கும், கடைசியில் தனித்தனிக் கப்பல்களுக்கும் எண் இறங்கி வரும்.

கப்பலில் அந்த எண் என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். 1955இல் மேற்கு ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்ட 'புஷ்கின்', சோவியத் ஒன்றியம் பெற்ற முதல் பெரிய தொழிற்சாலை டிராலர், அதாவது பிடித்த மீனைக் கப்பலிலேயே பதப்படுத்தும் இழுவலைக் கப்பல்; அதே வகையில் 24 கப்பல்கள் வாங்கப்பட்டன, பிறகு நிக்கொலாயேவ் கப்பல்தளமும் போலந்து, கிழக்கு ஜெர்மனித் தளங்களும் இத்தகைய கப்பல்களை நூற்றுக்கணக்கில் கட்டின. இவற்றில் வலை பின்புறச் சரிவுப்பாதை வழியாக மேல்தளத்துக்கு ஏறும். கீழ்த்தளத்தில் மீனை வெட்டும் மேசைகளும், உறையவைக்கும் அறைகளும், கழிவை மீன்மாவாக்கும் இயந்திரமும் இருக்கும். ஒரே இழுப்பில் பல டன் மீன் விழுந்த இரவைக் கற்பனை செய்யுங்கள். அதைத் தரம் பிரித்து, குடல் நீக்கி, சதைத்துண்டுகளாக்கினால் உண்பவருக்கு நல்ல சரக்கு கிடைக்கும். ஆனால் வேலை மெதுவாகும், எடை குறையும், அடுத்த இழுப்பு தாமதமாகும். முழு மீனாகவே தட்டில் அடுக்கி உறையவைத்துக் கட்டியாக்கினால் வேகமும் கூடும், எடையும் கூடும். அதற்கும் கை போதாவிட்டால் நல்ல மீனே மீன்மாவு இயந்திரத்துக்குள் போகும். திட்டம் நிறைவேறினால் மாலுமிகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. சற்றே குறைந்தாலும் அது போய்விடும். மாதக் கடைசியில் கப்பல்தலைவர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று ஊகிக்க அவரைப் பேராசைக்காரர் என்று நினைக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கடலில் கிடந்த மனிதர், தன்னோடு இருந்தவர்களின் கூலிக்காக நியாயமாகவே கணக்குப் போட்டார்.

காலப்போக்கில் சரக்கின் மதிப்பு, தரம் போன்ற அளவுகோல்களும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன என்றாலும், மொத்த உற்பத்தியே கடைசிவரை முதலிடத்தில் இருந்தது. இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்த ஆண்டின் இலக்கு, இந்த ஆண்டு எட்டிய அளவுக்கு மேல் வைக்கப்படும். அதனால் இலக்குக்குச் சற்று மேலே போவது பாதுகாப்பானது, மிக மேலே போவது ஆபத்தானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 101, 102 சதவீத நிறைவேற்றம் என்று அட்டவணை காட்டினால், அதைக் கடலின் சீரான வளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீன் அப்படிச் சீராகக் கிடைக்காது.

ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள்

மீன்பாட்டை மக்கள்தொகையால் வகுத்து, அதே ஆண்டின் நுகர்வுப் புள்ளிவிவரத்தின் அருகில் வையுங்கள். 1970இல் 78 லட்சம் டன்னை சுமார் 24.2 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 32 கிலோ வருகிறது; அதிகாரபூர்வ நுகர்வு 15.4 கிலோ. 1975இல் அதே வகுத்தல் தலைக்கு ஏறத்தாழ 41 கிலோவைக் காட்டுகிறது, நுகர்வோ 16.8 கிலோ. ஐந்தே ஆண்டுகளில் கடலிலிருந்து எடுத்தது தலைக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ கூடியது, உண்டது ஒன்றரைக் கிலோகூடக் கூடவில்லை.

இந்த இடைவெளி முழுவதையும் வீணடிப்பு என்று எழுதிவிடக் கூடாது. பதப்படுத்தும்போது குறையும் எடை, கால்நடைத் தீவனத்துக்குப் போன மீன்மாவு, ஏற்றுமதி, துறைமுகத்தில் குளிர்கிடங்கும் ரயில்வே குளிர்ப்பெட்டியும் போதாமல் கெட்டுப்போனது என்று அதற்குள் பல பங்குகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய முயல்வதுதான் ஆய்வாளரின் வேலை. கப்பல் கட்ட முதலீடு தாராளமாகக் கிடைத்தது, கரையில் கிடங்கு கட்டக் கிடைக்கவில்லை. ஏனெனில் கப்பல் டன் கணக்கைக் கூட்டும், கிடங்கு கூட்டாது.

எண்ணுக்குப் பக்கத்தில் வரைபடத்தை வையுங்கள்

ஒரே மொத்தத்தொகைக்குள் கடல்களும் மீன்களும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. உள்நாட்டு நீர்நிலைகளில் ஆரம்பியுங்கள். 1952இல் தோன் ஆற்றில் சிம்லியான்ஸ்க் அணை வந்தபின் அசோவ் கடலின் வளம் சரிந்தது. 1950களின் இறுதியில் வோல்கோகிராட் அணை, விலையுயர்ந்த கேவியர் முட்டை தரும் ஸ்டர்ஜன் மீன்கள் முட்டையிடப் போகும் வழியை அடைத்தது. மின்சார அமைச்சகத்தின் திட்டம் நிறைவேறியதால் மீன்வள அமைச்சகம் இழந்தது எந்த அட்டவணையிலும் கழித்தலாக எழுதப்படவில்லை. தொலைகடலிலிருந்து வந்த டன்கள் அதை மூடி மறைத்தன.

தொலைகடலிலும் அதே கதைதான். அட்லாண்டிக்கில் வட அமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள ஜார்ஜஸ் மேட்டில் 1960களில் சோவியத் கப்பல்கள் திரண்டன; அங்கே மீன் குறைந்ததும் வேறிடம் போயின. தென் ஜார்ஜியாத் தீவைச் சுற்றி 1969–70 பருவத்தில் மட்டும் பளிங்கு நொத்தொத்தேனியா என்ற மீன் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிக்கப்பட்டது. ஒருசில பருவங்களில் அந்த வளம் தீர்ந்தது, இன்றுவரை பழைய நிலைக்கு அது முழுமையாகத் திரும்பவில்லை. 1977இல் அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளின் 200 மைல் மீன்பிடி எல்லை நடைமுறைக்கு வந்ததும் மொத்த மீன்பாடு இறங்கி, 1980இல் 95 லட்சம் டன்னாக நின்றது. பிறகு அது மீண்டும் ஏறி 1980களின் இறுதியில் 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது என்பதைப் பார்த்து மீட்சி என்று எழுதும் முன், இன வாரியான நெடுவரிசையைத் திறந்து பாருங்கள். ஒஹோத்ஸ்க் கடலின் மிந்தாய், ஜப்பான் கடலின் இவாசி மத்தி, சிலி, பெரு நாடுகளின் எல்லைக்கு வெளியே பிடித்த பாரை இனமான ஸ்தவ்ரிதா, இறால் போன்ற சிறு உயிரியான அண்டார்க்டிக் கிரில் ஆகியவையே அந்த ஏற்றம். மலிவான எரிபொருள் இருந்தவரை உலகின் மறுமுனைக்குப் போய் மலிவான மீனைக் கொண்டுவருவது திட்டத்தின் கணக்கில் கட்டுப்படியானது. ஸ்தவ்ரிதாவின் ஒரு டன்னும் ஸ்டர்ஜனின் ஒரு டன்னும் மொத்தத்தில் ஒன்றே.

பொய் எங்கே இருந்தது என்று அறிந்துகொள்ளுங்கள்

நம்பவே கூடாத ஒரு நெடுவரிசை உண்டு: சர்வதேசத் திமிங்கில ஆணையத்துக்கு அனுப்பப்பட்ட கணக்கு. போருக்குப் பின் தென்னரைக்கோளத்தில் 2,710 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றதாகச் சோவியத் அரசு அறிவித்தது. உண்மையில் கொல்லப்பட்டவை 48,000க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 25,000 திமிங்கிலங்கள் 1959 முதல் 1961 வரையான இரண்டே பருவங்களில் கொல்லப்பட்டன. இங்கேதான் கவனம் தேவை. வெளிநாட்டுக்குக் கொடுத்த கணக்கில் பொய் இருந்தது. உள்நாட்டில் திட்டத்துக்குக் காட்டிய கணக்கில் எண்கள் அந்தந்தக் கப்பல் அணியின் சாதனையாகப் பெருமையோடு பதிவாயின. பல நேரங்களில் கொழுப்பை மட்டும் உரித்துவிட்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். திமிங்கில இறைச்சிக்கு நாட்டில் பெரிய தேவை இருந்ததில்லை. இலக்குக்குத்தான் தேவை இருந்தது. 1972இல் நாடுகள் ஒன்றின் கப்பலில் மற்றொன்றின் பார்வையாளரை ஏற்றத் தொடங்கிய பிறகே இந்த மோசடி பெரும்பாலும் நின்றது.

இந்த உண்மை வெளியே வந்தது 1993இல், உயிரியலாளர் அலெக்சேய் யாப்லகோவின் வழியாக. கப்பல்களில் பணியாற்றிய உயிரியலாளர்கள் மூலப் பதிவுகளை அழியவிடாமல் காத்திருந்தார்கள். கலினின்கிராடைச் சேர்ந்த ஒருவர் அவற்றைத் தன் உருளைக்கிழங்கு நிலவறையில் மறைத்து வைத்திருந்தார். அந்த மனிதர்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். அச்சிட்ட தொகுப்பும் மூலப் பதிவேடும் முரண்படும்போது எப்போதும் பதிவேட்டின் பக்கம் சாயுங்கள்.

தொழிற்சாலையின் எண், கடலின் எண் அல்ல

பதப்படுத்தும் ஆலைகளின் கணக்கை வாசிக்கும்போது மொய்னாக்கை மறக்காதீர்கள். உஸ்பெகிஸ்தானுக்கு உட்பட்ட கரகல்பாக்ஸ்தானில், ஆரல் கடலின் தென்கரையில் இருந்த ஊர் அது. 1960க்கு முன் ஆரல் கடல் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் தந்தது. பருத்தி வயல்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் திருப்பப்பட்டதும் கரை ஆண்டுதோறும் பின்வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே வணிக மீன்பிடிப்பு நின்றுபோனது. ஆனால் மொய்னாக்கின் டப்பா ஆலை மூடப்படவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கடல்களில் பிடித்து உறையவைத்த மீனை ரயிலேற்றிக் கொண்டுவந்து அங்கே டப்பாவில் அடைத்தார்கள். வேலையிழக்கவிருந்த மக்களுக்கு அது சோறு போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆலையின் உற்பத்தி வரிசையை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு, பக்கத்தில் ஒரு கடல் வற்றிக்கொண்டிருந்தது தெரியவே தெரியாது.

சில்லறைக் கடையின் நிலவரத்தைப் பற்றிய தகவல்களையும் இதே எச்சரிக்கையோடு அணுகுங்கள். 1932இல் உணவு வழங்கலுக்குப் பொறுப்பாயிருந்த சோவியத் தலைவர் மிக்கொயான் கொண்டுவந்த 'மீன் நாள்' 1976 அக்டோபரில் வியாழக்கிழமைக்கு மீண்டும் விதிக்கப்பட்டது. உணவகங்களில் அன்று இறைச்சி கிடையாது. அது மீன் மிகுதியைக் காட்டுவதைவிட இறைச்சிப் பற்றாக்குறையையே அதிகம் காட்டுகிறது.

1991ஐக் கடக்கும் இடத்தில் கவனமாக இருங்கள்

ஒன்றிய மொத்தத்தை நேராக ரஷ்யக் கூட்டமைப்பின் எண்ணோடு இணைத்துக் கோடு வரைந்தால் சரிவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். உக்ரைனின் கப்பல்களும் பால்டிக் குடியரசுகளின் கப்பல்களும் அந்த மொத்தத்தில் இருந்தன. ஆகவே 1990க்கும் ரஷ்யக் குடியரசின் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அது ஏறத்தாழ 78 லட்சம் டன், 1994இல் 37 லட்சம் டன்னுக்கு அருகில் இறங்கியது. அந்த வீழ்ச்சியிலும் எந்தக் கடலின் எண் முதலில் விழுந்தது என்று தேடுங்கள். இவாசி இயற்கையாகவே மறைந்ததன் பங்கையும், எரிபொருளுக்கு உண்மை விலை கொடுக்க வேண்டி வந்ததும் தென்கிழக்குப் பசிபிக்கிலிருந்து கப்பல்கள் திரும்பியதன் பங்கையும் தனித்தனியே எழுதிக்கொண்ட பிறகே அடுத்த நெடுவரிசைக்குப் போங்கள்.